செங்கம் ரோட்டில் கடல் தண்ணீர்

பாடத்துக்கு நடுவில் கேள்வி கேட்டால் எனக்குப் பிடிக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வேன். சும்மா சொல்வதுதான். உண்மையில் எரிச்சலாக வரும். நான் பிளஸ் டூ பெண்களுக்கு விலங்கியல் எடுக்கிறவள். போர்ஷனை முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

அன்றைக்கு உயிரினங்கள் ஒன்றையொன்று அண்டி வாழ்வதைப் பற்றிய பாடம். வழக்கம்போலக் கரும்பலகையில் கடல் சாமந்தியை வரைந்தேன். பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் பிராணி. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும், அதில் வந்து படுகிற மீனைக் கொட்டி மயக்கித் தின்றுவிடும். கோமாளி மீனை மட்டும் ஒன்றும் செய்யாது. அது பாட்டுக்கு அந்த விரல்களுக்கு நடுவிலேயே குடியிருக்கும். இதை எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. சுண்ணாம்புக் கட்டி தானாகவே வரையும்.

ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், கொட்டாதுனு அந்த மீனுக்கு எப்படித் தெரியும்? முதல் தடவை எப்படி உள்ள போகும்?"

"புஸ்தகத்துல இருக்கு, படி."

"புஸ்தகத்துல இல்ல டீச்சர். நீங்க பாத்திருக்கீங்களா?"

உட்காரச் சொன்னேன். ஆனால் அவள் சொன்னது சரி. புத்தகத்தில் அது இல்லை. நான் கல்லூரியில் படித்த நாளிலேயே இரண்டு விதமாகச் சொல்வார்கள். மீனின் மேல் இருக்கிற வழவழப்பே பிறவியிலிருந்து அதைக் காப்பாற்றுகிறது என்று ஒரு கட்சி. இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுத் தொட்டுப் பழகித்தான் உள்ளே போகிறது என்று இன்னொரு கட்சி. பரீட்சையில் இரண்டையும் எழுதி மார்க் வாங்கிவிட்டு நானும் மறந்துவிட்டேன். உயிரோடு ஒரு கடல் சாமந்தியை நான் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் லேபில் ஃபார்மலின் புட்டிக்குள் கிடக்கும் ஒரு பழுப்பு உருண்டைதான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குத் தேரடி வீதியில் தையல் கடை. கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சாமியே கிடையாது என்று சொல்கிற மனுஷன். விசேஷ நாளென்றால் வேண்டுமென்றே கறுப்புச் சட்டை போடுவார். கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதே என்பதுதான் அவர் எல்லோருக்கும் சொல்கிற உபதேசம்.

"அப்ப நீ கண்ணால பாக்காததையா இத்தன வருஷமா நடத்துற?" என்று கேட்டு, சோற்றுக் கையோடு சிரித்தார். "கிரிவலம் வர்றவங்களை நான் கேலி பண்றேன். நீ அவங்களையே தூக்கிச் சாப்பிட்டுடுவ போலிருக்கே."

எனக்குச் சுருக்கென்றது. அந்த முதல் தொடுதலை என் கண்ணால் பார்த்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அது ஒரே ஒரு தடவைதான் நடக்கும். ஒருமுறை பழகிவிட்டால் மீன் சாமந்தியை விட்டு நகராது. ஆகவே அது என் வீட்டில், என் கண் முன்னால் நடக்க வேண்டும்.

திருவண்ணாமலையில் கடல் மீன் தொட்டி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கடல் இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். சென்னைக் கடைகளில் விசாரித்தால், பெரிய தொட்டியாக வையுங்கள், தண்ணீர் ஜாஸ்தி இருந்தால்தான் தவறு கம்மியாகத் தெரியும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு நான் ஒரு பசுமாடு வாங்கிவிடலாம். மகன் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இடம் இருந்தது. பணம்தான் இடித்தது.

ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியை மூடினார்கள். அங்கே ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று தூசி படிந்து கிடந்தது. உள்ளே காய்ந்துபோன பிளாஸ்டிக் செடி. தூக்கிக்கொண்டு போனால் போதும் என்ற விலைக்குக் கொடுத்தார்கள். செங்கல் வைத்துக் கட்டி, மேலே கடப்பாக் கல் போட்டு, கூடத்தில் அதை உட்கார வைத்தேன். கடலுக்கடியில் இருக்கிற மாதிரி பொத்தல் பொத்தலான கல் வேண்டும். பவளப் பாறையை எடுப்பது சட்டப்படி குற்றம், எடுக்கவும் எனக்கு மனம் வராது. கோழித் தீவனக் கடையில் விற்கிற உடைத்த கிளிஞ்சல், சிமெண்ட், கல்லுப்பு மூன்றையும் பிசைந்து மணல் குழிகளில் ஊற்றினேன். இறுகிய பிறகு தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்துவிடும், அது இருந்த இடமெல்லாம் பொத்தலாகிவிடும். சிமெண்டின் காரம் போக மொட்டை மாடியில் வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், ஏதாவது புது தினுசு வடாமா?" என்றார்.

தண்ணீருக்கு வாட்டர் கேன். உப்புக்கு மட்டும் சிக்கனம் பார்க்க முடியவில்லை. மளிகைக் கடைக்காரர், "கல்லுப்பு ஒரு மூட்டை தரேன், போட்டுடுங்க மேடம். கடல்ல இருந்துதானே வருது?" என்று நியாயமாகத்தான் கேட்டார். கடலில் இருப்பது வெறும் உப்பு இல்லை, இன்னும் என்னென்னவோ சேர்ந்தது என்று நின்று விளக்கினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். கடைசியில் சென்னையிலிருந்து மீன் தொட்டி உப்பு வாங்கி அளந்து கரைத்தேன். தண்ணீரைச் சுத்தம் செய்கிற நுண்ணுயிர்கள் கல்லில் குடியேற வேண்டும், அவற்றுக்குச் சாப்பாடாக ஏதாவது அழுக வேண்டும். நாலு இறால் வாங்கி உள்ளே போட்டேன். "நல்ல இறாலு. தொக்கு வெச்சிருந்தா நாலு உருண்டை சோறு ஜாஸ்தி இறங்கியிருக்கும்" என்று என் வீட்டுக்காரர் தொட்டி முன் நின்று பெருமூச்சு விட்டார்.

கேலி செய்தாரே தவிர, அவரும் மெல்ல உள்ளே இழுக்கப்பட்டார். பெரிய தொட்டியில் வழிகிற தண்ணீர் கீழே ஒரு நீல பிளாஸ்டிக் டப்புக்கு வரும். வருகிற வழியில் ஒரு துணிப்பை அழுக்கைப் பிடிக்கும். பிறகு மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். அந்தப் பைக்குக் கடையில் சொன்ன விலையைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்கா இவ்ளோ? உள்பாவாடைக்கு நாடா கோக்கற மாதிரி மேல ஒரு மடிப்பு. அவ்ளோதானே?" அன்று சாயங்காலமே கடையிலிருந்து தைத்துக்கொண்டு வந்தார். பையைத் தொங்கவிட பிளாஸ்டிக் வளையம் தேடி அவருடைய பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தோம். அறுந்த கொக்கி, துணியில் கோடு போடுகிற பாதிச் சாக்பீஸ், செத்துப்போன என் மாமியார் வைத்திருந்த ஓட்டைக் காலணா என்று அதில் இல்லாத சாமான் இல்லை. வளையமும் கிடைத்தது. தினமும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் அந்தப் பையைக் கழற்றி, குழாயில் அலசி, திரும்ப மாட்டுவது அவர் வேலை என்று ஆயிற்று.

வெயில் காலத்தில் தண்ணீர் சூடாகிவிடும். குளிர்விக்கிற மிஷினுக்கு வழியில்லாமல் டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேல் திருப்பி வைத்தேன். எங்களுக்கு வேர்த்துக் கொட்டியது, தொட்டிக்குக் காற்று வீசியது. "நான் மீனா பொறந்திருக்கணும்" என்பார் அவர்.

என் நாத்தனார் வேலூரில் இருக்கிறாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வந்து எங்கள் வீட்டில்தான் தங்குவாள். அண்ணனுக்கு நேர் எதிர், அப்படியொரு பக்தி. தொட்டியில் வெறும் தண்ணீரும் கல்லும் இருந்த சமயம் வந்தவள், "அண்ணி, மலையடிவாரத்துல சமுத்திரத்தையே கொண்டாந்து வெச்சிட்டீங்களே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் காபி கொண்டு வருவதற்குள் ஒரு ஐந்து ரூபாய்க் காசை உள்ளே போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். புடவையோடு கையை விட்டு அதை எடுத்தேன். அந்தக் காசில் செம்பு கலந்திருக்கிறது, உப்புத் தண்ணீரில் செம்பு இறங்கினால் மீன் ஓரளவு தாங்கும், சாமந்தி மாதிரி முதுகெலும்பில்லாத பிராணிகள் செத்துப்போகும் என்று அவளுக்கு ஒரு முழு பீரியட் எடுத்தேன். பயந்துவிட்டாள்.

ஆனால் இந்த ஊரில் தண்ணீர் தேங்கி நின்றால் ஜனங்களுக்குக் கை சும்மா இராது. குளமோ தொட்டியோ, காசு விழும். கிரிவலத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள், அவர்களோடு வருகிறவர்கள், எல்லோரும் இடுப்பில் கை வைத்துச் சில்லறை தேடினார்கள். "காசு போடாதீர்கள்" என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "சபாஷ்! மூடநம்பிக்கைக்கு எதிரா நம்ம வீட்டுலயே போர்டு!" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். காரணத்தை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தண்ணீர் பக்குவமானதும் பண்ணையில் வளர்த்த, சாமந்தியையே கண்டிராத இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை, பெரியது ஒன்று, சிறியது ஒன்று. சென்னையில் வருஷக்கணக்காகக் கடல் தொட்டி வைத்திருக்கிற ஒரு அம்மா, தன் சாமந்தி இரண்டாகப் பிரிந்ததில் ஒன்றை எனக்கு இனாமாகக் கொடுத்தார். பையில் தண்ணீரோடு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். உள்ளே விட்டதும் அது விரிந்தது பாருங்கள்! ஒவ்வொரு விரலின் நுனியும் குமிழ் மாதிரி உப்பி, தண்ணீரோடு ஆடியது. நான் வரைந்ததெல்லாம் எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு வாரம்தான். மீன்கள் அதன் கிட்டேகூட வரவில்லை. தொட்டி இன்னும் அதற்குப் பழுக்கவில்லை, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு காலையில் அது கரைந்து கூழாகிக் கிடந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அதை அள்ளி வெளியே போட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போனேன். வீடு வந்தேன். படுத்தேன். சமைத்தேனே ஒழிய எனக்குச் சோறு இறங்கவில்லை. உயிரோடு இருந்ததைப் பஸ்ஸில் கூட்டி வந்து கொன்றுவிட்டேனே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கேலி செய்யவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, "பழைய பை நைஞ்சு போச்சு, புதுசு தச்சிருக்கேன்" என்று ஒரு பையைக் கொண்டு வந்து மாட்டினார். மேல் மடிப்பைத் தடியாகத் தைத்திருந்தார். கெட்டியாக இருக்கட்டும் என்று தைத்திருப்பார் என நினைத்தேன்.

சில மாதம் பொறுத்தேன். அந்தச் சென்னை அம்மாவே ஃபோன் செய்து, "என்னுது திரும்பவும் பிரிஞ்சிருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க. இது கடைசி, பாத்துக்கங்க" என்றார். இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சாமந்தி என் சிமெண்ட் கல்லில் கால் ஊன்றி விரிந்தது. மீன்கள் இரண்டும் தூரத்து மூலையில் நின்று அதை முறைத்துக்கொண்டிருந்தன. விடைத்தாள் கட்டைத் தொட்டி முன்னாலேயே வைத்துத் திருத்தினேன். என்றைக்கு, எந்த நிமிஷம் அந்த மீன் கிட்டே வரும்? எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பிறகு சாமந்தி சுருங்க ஆரம்பித்தது. காலையில் கொஞ்சம் விரியும், மத்தியானம் சூம்பிவிடும். வாய் தொங்கிப் போனது. உப்பளவு, அமோனியா, சூடு என்று எல்லாம் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் நத்தைகளைக் கவனித்தேன். கண்ணாடியில் பாசி மேய விட்டிருந்த கடல் நத்தைகள் பிடி விட்டு ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து கிடந்தன. மீன்கள் மட்டும் ஜோராகச் சுற்றின. முதுகெலும்பு உள்ளதற்கு ஒன்றுமில்லை, இல்லாததற்கெல்லாம் சீக்கு. இதைக் கேள்வியாகக் கொடுத்தால் என் பிள்ளைகளே பதில் எழுதிவிடுவார்கள். செம்பு!

யார் என்று யோசிக்கக்கூட இல்லை. நாத்தனாருக்கு ஃபோன் போட்டு, "எத்தன தடவை சொன்னேன் உனக்கு? எத்தன காசும்மா போட்ட?" என்று கத்தினேன். அவள், "அண்ணி, சத்தியமா இல்லைங்க அண்ணி, அன்னிக்கு நீங்க சொன்னதுல இருந்து அந்தப் பக்கமே போறதில்லைங்க" என்று அழுதுவிட்டாள். நம்பவில்லை. கல்லையெல்லாம் புரட்டி, மணலை விரலால் துழாவிப் பார்த்தேன். ஒரு காசும் இல்லை.

மறுநாள் காலையில் அவர் யூனிஃபார்ம் துணி எடுக்க ஈரோட்டுக்குப் போயிருந்தார். அதனால் பையை அலசுகிற வேலை என் தலையில் விழுந்தது. குழாயடியில் பிழிந்தபோது அந்தத் தடித்த மடிப்புக்குள் கட்டையாக ஏதோ கையில் தட்டியது. அந்த இடத்தில் துணி பச்சை பூத்திருந்தது. பிளேடால் தையலைப் பிரித்தேன். உள்ளே மஞ்சளில் நனைத்த ஒரு துண்டுத் துணி. அதில், பொத்தான் வைத்துத் தைக்கிற மாதிரி, ஓட்டை வழியாக நூல் கோத்துத் தைத்த காலணா. என் மாமியாருடைய அந்தச் செம்புக் காலணா.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தையலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எவ்வளவு நெருக்கமான, எவ்வளவு ஒழுங்கான தையல். கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். பேய் முழி முழித்தார்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"காசு."

"காசுனு எனக்கும் தெரியுது. மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வேண்டிக்கிட்டது யாரு? எங்க போச்சு உங்க கறுப்புச் சட்டை?"

அவர் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சாப்பிடல. ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டே இருந்த. உனக்கு டெஸ்ட்டு தெரியும், மருந்து தெரியும். எனக்கு என்ன தெரியும்? தைக்கத்தான் தெரியும். தச்சேன்."

"செம்பு அதைக் கொல்லும்னு தெரியாதா?"

"நீ சொன்னியா? உலகத்துக்கெல்லாம் பாடம் எடுக்கிற. போர்டு எழுதி ஒட்டுன. எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

காலணாவைக் கையில் எடுத்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை. "சரி, என்னனு வேண்டிக்கிட்டீங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது" என்றார் அந்த நாத்திகர், படு சீரியஸாக.

செம்பைக் குறைக்க ஒரே வழி, தண்ணீரை ஏராளமாக மாற்ற வேண்டும். என்னிடம் உப்பு தீர்ந்திருந்தது. சென்னையிலிருந்து வர நாளாகும், அதற்குள் சாமந்தி தாங்காது. செம்பைக் கொஞ்சமாவது உறிஞ்சட்டும் என்று கரி வாங்கி டப்பில் போட்டேன். "கடல்லயே உப்புத் தண்ணி இருக்கு இல்ல?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்தார். விடியற்காலையில், பூ ஏற்றுகிற தெரிந்தவருடைய குட்டியானை வண்டியில் காலி வாட்டர் கேன்களை அடுக்கிக்கொண்டு மரக்காணம் பக்கம் கிளம்பிப் போனார்.

மத்தியானத்துக்கு மேல் ஃபோன் வந்தது. "திண்டிவனம் ரோட்டுலயே வண்டிய நிறுத்திட்டாங்க. உள்ள விட மாட்டாங்களாம். இன்னிக்குப் பௌர்ணமியாமே!"

தலையில் அடித்துக்கொண்டேன். பதற்றத்தில் நானும் காலண்டரைப் பார்க்கவில்லை. ஆனால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, பௌர்ணமியைப் போலீஸ்காரர் சொல்லித் தெரிந்துகொண்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். காய்கறிக்காரரிடம் தள்ளுவண்டியை வாடகைக்குக் கேட்டு வாங்கி, சந்து சந்தாக நுழைந்து அவரிடம் போய்ச் சேர்ந்தேன். கேன்களை ஏற்றினோம். வீடு இருப்பது செங்கம் ரோட்டுச் சந்தில். அந்த ரோடுதான் கிரிவலப் பாதை. கூட்டம் போகிற திசையிலேயே போவதைத் தவிர வழியில்லை. அவர் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள, ஜனங்களோடு ஜனங்களாக நகர்ந்தோம். எல்லோரும் வெறுங்காலோடு நடந்தார்கள். இவர் காலில் மட்டும் செருப்பு.

"கிரிவலத்துல செருப்பா?" என்று ஒரு பெரியவர் முகம் சுளித்தார்.

"நான் கிரிவலம் வரலைங்க. தண்ணி கொண்டு போறேன்."

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா கேனைத் தொட்டு, "என்ன தீர்த்தம்ங்க?" என்றாள். இவர் வாயைத் திறப்பதற்குள் நான், "சமுத்திரத் தீர்த்தம்மா" என்றுவிட்டேன். அவ்வளவுதான். சுற்றிலும் கைகள் நீண்டன. அவர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். ஆனால் அந்தக் குழந்தை கையை நீட்டியபோது அவரால் மறுக்க முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டி, ஒரு கேனைச் சாய்த்து ஊற்ற ஆரம்பித்தார். "குடிக்காதீங்கம்மா, கரிக்கும். தலையில தெளிச்சுக்குங்க. ஒவ்வொருத்தரா வாங்க." விடியற்காலை இருட்டில் கைக்கு அகப்பட்டதென்று மாட்டிக்கொண்டு போன கறுப்புச் சட்டையோடு தீர்த்தம் கொடுக்கிறவரைப் பார்த்து எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. கேன் முக்கால்வாசி காலியானதும்தான் நகர விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மாலை மங்கியிருந்தது. பாதித் தண்ணீரை இறக்கி, கடல் தண்ணீரை வடிகட்டி ஊற்றினோம். சாமந்தி அசையாமல் கிடந்தது. மறுநாளும் அப்படியே. நான் கத்தியதில் அந்தப் பௌர்ணமிக்கு வராமலே இருந்துவிட்ட நாத்தனாரிடம் ஃபோனில் மன்னிப்புக் கேட்டேன். செம்பு வேறு எதிலிருந்தோ வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அண்ணன் மானத்தை நான் ஏன் வாங்க வேண்டும்? அவர் இன்னும் இரண்டு முறை கடலுக்குப் போய் வந்தார். மெல்ல, ஒரு ஓரத்து விரல்கள் உப்பின. பிறகு வாய் மூடியது. பிறகு ஒரு காலையில் முழுக்க விரிந்து நின்றது. நான் பல்லைக்கூடத் தேய்க்காமல் அதன் முன் உட்கார்ந்திருந்தேன்.

மீன்தான் வரவில்லை. லீவு நாளெல்லாம் தொட்டியே கதி என்று கிடந்தேன். பெரிய மீன் கொஞ்சம் கிட்டே வரும். நான் மூச்சைப் பிடிப்பேன். திரும்பிப் போய்விடும்.

ஒரு வேலை நாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பையைத் திறந்தால் ஃபோனில் வரிசையாக அவர் அழைப்புகள். உடனே கூப்பிட்டேன்.

"போயிடுச்சு" என்றார்.

"ஐயோ! செத்துப் போச்சா?"

"இல்லடி. உள்ள போயிடுச்சு. மீனு."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். பெரிய மீன் சாமந்திக்குள் புரண்டுகொண்டிருந்தது, விரல்கள் அதன் மேல் மெத்து மெத்தென்று தடவிக்கொண்டிருந்தன. காலமெல்லாம் அங்கேயே இருந்தது போல இருந்தது. அழகுதான். ஆனால் நான் கேட்டது இது இல்லையே! சாயங்காலம் வரைக்கும் பொறுக்கக் கூடாதா அந்தப் பாழாய்ப்போன மீனுக்கு! நின்ற இடத்திலேயே அழுதேன்.

அவர் சாப்பிட வந்தவர், தட்டோடு தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே நாற்காலியைப் போட்டேன். "ஒன்னு விடாம சொல்லுங்க. முதல்ல எது பட்டுச்சு? தலையா?"

"வாலு. திரும்பி நின்னுக்கிட்டு, பின்னாலயே வந்து, வாலால ஒரு தொடு."

"உடனே உள்ள போச்சா?"

"எங்க? இஸ்திரிப் பொட்டி சூடேறிச்சானு ஈர விரலால தொட்டுப் பாப்பேன் இல்ல, அந்த மாதிரி. தொடும், வெடுக்குனு எடுக்கும். ஒரு தடவை அந்த விரலு ஒட்டிக்கிச்சு. உதறிக்கிட்டு ஓடிப்போய் மூலையில நின்னுச்சு. முடிஞ்சுதுடானு நினைச்சேன். திரும்ப வந்துச்சு. இந்த வாட்டி வயித்தை வெச்சுப் பாத்துச்சு. அப்புறம் இன்னும் கொஞ்சம்."

"எவ்ளோ நேரம்?"

"போட்ட சோறு ஆறிப்போச்சு. பாரு."

தட்டில் சோறு அப்படியே இருந்தது, ஓரம் காய்ந்து. ஒரு வாய்கூட எடுக்கவில்லை. பார்க்க ஆசைப்பட்டது நீதானே, அதனால் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்த்தேன் என்றார். நான் கல்லூரியில் மனப்பாடம் செய்த இரண்டு பதிலில் இரண்டாவதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். என் வீட்டுத் தொட்டியில், ஒரு மத்தியானத்தில்.

"நான் சொன்னா நம்புவியா? நீ பாக்கலையே" என்றார், கொஞ்சம் தயங்கி.

"நீங்க பாத்தீங்க இல்ல. போதும்."

புது வருஷத்துப் பிள்ளைகளுக்கு அதே பாடம் வந்தபோது, மீன் முதல் தடவை எப்படி உள்ளே போகும் என்று யாரும் கேட்கும் முன்னால் நானே சொன்னேன். வால், உதறல், மூலை, வயிறு, இஸ்திரிப் பெட்டி, எல்லாம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "நீங்க பாத்தீங்களா டீச்சர்?" என்றாள்.

"நான் பாக்கல. எங்க வீட்டுக்காரரு பாத்தாரு."

"அவரு சும்மா சொல்லியிருந்தா?"

"கண்ணால பாக்காத எதையும் நம்பாத மனுஷன் அவரு. உக்காரு."

அன்றைக்குப் பௌர்ணமி. வீடு திரும்பியபோது நாத்தனார் வேலூரிலிருந்து வந்து, குளித்து, தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். கொடியில் கறுப்புச் சட்டை இல்லை.

"கடையை மத்தியானமே சாத்திட்டாராம். அண்ணன் எங்க அண்ணி?"

"சுகருக்கு நடக்கச் சொல்லியிருக்காங்க இல்ல, நடக்கப் போயிருப்பாரு" என்றேன். எனக்கும் அப்போது அவ்வளவுதான் தெரியும்.

"செருப்பு இங்கயே கிடக்கே?"

பார்த்தேன். வாசற்படிக்கு உள்பக்கம், பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக, அவர் செருப்பு இரண்டும் கிடந்தன. சந்து முனையில் கிரிவலக் கூட்டம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது.

"மறந்துட்டாரு போல" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னொரு தடவை பார்ப்பதற்குள் செருப்பை எடுத்துத் தொட்டிக்கு அடியில் தள்ளி வைத்தேன்.